ஆளுக்கொரு சட்டம் பேசும் வீட்டில் நாயைப் பழக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

சோபாவில் ஏறினால் அப்பா அதட்டி இறக்கிவிடுவார். இரவு பத்து மணிக்கு மேல் அதே சோபாவில் மகள் தட்டிக் கூப்பிட்டு மடியில் படுக்க வைத்துக்கொள்வாள். சாப்பிடும்போது யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருப்பார். தாத்தாவின் இடது கை மேஜைக்குக் கீழே போய்வரும். பள்ளியிலிருந்து வந்ததும் நாய் நெஞ்சு வரை எகிற வேண்டும், அதுதான் பையனுக்குச் சந்தோஷம். அதே வேகத்தில் பாட்டி மேல் எகிறினால் பாட்டி விழுந்துவிடுவார்.

இப்படிப்பட்ட வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை, "எவ்வளவு சொல்லியும் இதுக்குப் புரியவே மாட்டேங்குது." நாய்க்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. எந்தக் கையிலிருந்து எந்த நேரத்தில் என்ன வரும் என்பது வீட்டில் உள்ள மற்ற எல்லோரையும்விட அதற்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

வீட்டில் எல்லோரையும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வைத்துவிட்டுத்தான் பயிற்சி என்று உட்கார்ந்தால் அது நடக்கவே நடக்காது. நடக்கக்கூடியது வேறு ஒன்று இருக்கிறது. விதிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். மிச்சமிருக்கும் விதிகள், வீட்டிலேயே இளகிய மனசுக்காரர் யாரோ அவராலும் காப்பாற்றக் கூடியவையாக இருக்க வேண்டும். கீழே சொல்லியிருப்பது எல்லாம் இந்த ஒரு அடிப்படையில்தான்.

எந்த முரண்பாடு நாயைக் கெடுக்கிறது?

முரண்பாடு இரண்டு வகை. அம்மா ஒரு மாதிரி, மகள் ஒரு மாதிரி என்று ஆளுக்கு ஆள் மாறுவது முதல் வகை. அதே ஆள் இன்று ஒரு மாதிரி, நாளை ஒரு மாதிரி என்று மாறுவது இரண்டாவது வகை. வீட்டுச் சண்டையெல்லாம் முதல் வகையைப் பற்றித்தான் நடக்கும். நாயைப் பாதிப்பதோ பெரும்பாலும் இரண்டாவது வகை.

1914இல் ரஷ்யாவில் இவான் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில் ஷெங்கர்-கிரெஸ்டோவ்னிகோவா என்ற ஆய்வாளர் ஒரு நாய்க்கு இரண்டு உருவங்களைக் காட்டிப் பழக்கினார். வட்டம் தெரிந்தால் சாப்பாடு வரும், நீள்வட்டம் தெரிந்தால் வராது. நாய் இதைச் சிரமமில்லாமல் கற்றுக்கொண்டது. பிறகு நீள்வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வட்டத்துக்கு நெருங்கி வரும்படி மாற்றினார்கள். நீளமும் அகலமும் 9:8 என்ற விகிதத்துக்கு வந்தபோது நாயால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. மூன்று வாரம் முயன்றும் தேறவில்லை. அதுவரை அமைதியாக நின்ற நாய் கத்த ஆரம்பித்தது, நெளிந்தது, தன் உடம்பில் பொருத்தியிருந்த கருவிகளைக் கடித்துப் பிய்த்தது. முன்பு சுலபமாகப் பிரித்துக் காட்டிய உருவங்களில்கூடத் தடுமாறியது.

உங்கள் வீட்டில் "அம்மா இருந்தால் சோபா கிடையாது, அக்கா இருந்தால் உண்டு" என்பது வட்டமும் நீள்வட்டமும் தெளிவாக வேறுபடும் நிலை. அதை நாய் சமாளித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை லுங்கியோடு இருக்கும்போது எகிறினால் கொஞ்சும் அப்பா, திங்கட்கிழமை ஆபீஸ் சட்டை போட்ட பிறகு எகிறினால் அடிக்க ஓங்குகிறார் என்றால் அது 9:8. அவர் முகத்தைப் பார்த்து இன்று என்ன நடக்கும் என்று நாயால் கணிக்க முடியாது. அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் வாலாட்டிக்கொண்டே பின்வாங்கும் நாய்களைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1950களில் பி. எஃப். ஸ்கின்னர், சார்லஸ் ஃபெர்ஸ்டர் என்ற உளவியலாளர்கள் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில் தெளிவாகத் தெரிந்த விஷயம்: எப்போதாவது மட்டும் பலன் கிடைத்துப் பழகிய செயல், ஒவ்வொரு முறையும் பலன் கிடைத்துப் பழகிய செயலைவிட மறைவதற்கு அதிக காலம் எடுக்கும். தினமும் கொடுக்கும் தாத்தாவைவிட, "சரி, இன்னிக்கு ஒரு நாள்தானே" என்று எப்போதாவது ஒரு துண்டு தோசை போடும் அம்மாதான் மேஜையடியில் கெஞ்சும் பழக்கத்தை உறுதிப்படுத்துகிறார். இதை அவரிடம் சொன்னால் நம்பவே மாட்டார்.

அப்பாக்கள் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. "தப்புன்னு அதுக்குத் தெரியும், மூஞ்சியப் பாரு, எப்படி முழிக்குது." அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் 'குற்றமுள்ள பார்வை'யைப் பற்றியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தப் பார்வைக்கும் சம்பந்தம் இருக்கவில்லை. உரிமையாளர் திட்டினால் அந்தப் பார்வை வந்தது, தின்னாத நாய்க்கும் வந்தது. அது உங்கள் குரலுக்கும் உடம்பசைவுக்கும் வரும் பதில். காலையில் செருப்பைக் கடித்ததற்கு மாலையில் திட்டுவதால் செருப்பு தப்பிக்காது. நீங்கள் வாசலில் நுழைவதே பயமாகிவிடும், அவ்வளவுதான்.

முதல் வேலை: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஒரு நோட்டில் மூன்றே விவரங்கள் போதும். நாய் என்ன செய்தது, அப்போது யார் இருந்தார்கள், உடனே அதற்கு என்ன கிடைத்தது. யாரையும் திருத்த வேண்டாம், எழுதுவதைப் பற்றிப் பேசவும் வேண்டாம். "7.40, தாத்தா டீ குடிக்கிறார், முழங்காலில் தாடையை வைத்தது, டீயில் நனைத்த ரஸ்க் அரைத் துண்டு" என்ற மாதிரி இருந்தால் போதும்.

மூன்றாவது விவரத்தில்தான் விஷயம் இருக்கிறது. 'என்ன கிடைத்தது' என்றால் சாப்பாடு மட்டும் கிடையாது. எகிறும் நாயை இரண்டு கையாலும் தள்ளி, கண்ணைப் பார்த்து, "சீ போ, சொல்றேன்ல" என்று கத்துவதும் நாய்க்கு ஒரு வரவுதான். நாள் முழுக்க யாரும் கண்டுகொள்ளாத நாய்க்கு அந்தத் தள்ளல் விளையாட்டு. கண்டிப்பானவர் என்று வீட்டில் பெயரெடுத்தவரே எகிறும் பழக்கத்துக்கு அதிகம் தீனி போட்டிருப்பது பல வீட்டு நோட்டில் தெரியவரும். அதனால்தான் எழுதாமல் கூட்டம் போட வேண்டாம் என்கிறேன். எழுதினால் ஆளைப் பற்றிய பேச்சு குறைந்து நேரத்தையும் இடத்தையும் பற்றிய பேச்சு வரும்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவையும் அடுத்த வீட்டுப் பிள்ளைகளையும் நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்க நாயோடு இருப்பது சில வீடுகளில் அவர்கள்தான்.

அடுத்தது: விதிகளை மூன்றாகப் பிரியுங்கள்

உயிர் சம்பந்தப்பட்டவை முதலில். இதில் யாருக்கும் சலுகை கிடையாது. கேட்டைத் திறக்கும்போது நாய் கட்டப்பட்டிருக்க வேண்டும் அல்லது உள் கதவுக்குப் பின்னால் இருக்க வேண்டும். சாப்பிடும் நாயையோ தூங்கும் நாயையோ குழந்தைகள் தொடக் கூடாது. வாயில் எதையாவது கவ்வியிருந்தால் பிடுங்காமல், வேறொன்றைக் காட்டி மாற்ற வேண்டும். கொடுக்கவே கூடாத உணவுகளும் இதில்தான் வரும்: திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு, வெந்த எலும்பு, சர்க்கரை சேர்க்காத சூயிங்கம் சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி. நம் சமையலில் இவை எங்கெல்லாம் ஒளிந்திருக்கின்றன என்று பாருங்கள். பாயசத்தில் மிதக்கும் திராட்சை, சின்ன வெங்காய சாம்பார் ஊற்றிப் பிசைந்த சோறு, ஞாயிற்றுக்கிழமை பிரியாணித் தட்டில் ஒதுக்கிய கோழி எலும்பு. "நம்ம நாய் காலங்காலமா இதைத்தான் தின்னுச்சு" என்பார்கள். வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தக் கூடும், திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடும். எந்த நாய்க்கு எந்த அளவில் ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இந்த ஒரு பட்டியலை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

இரண்டாவது, எல்லோரும் சேர்ந்து காக்க வேண்டியவை. இதில் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஆள் வந்தால் நாலு காலும் தரையில் இருக்க வேண்டும், சாப்பாட்டு நேரத்தில் தன் இடத்தில் படுக்க வேண்டும், விளையாட்டில் பல் பட்டால் விளையாட்டு அந்த நொடியே நிற்கும். அநேக வீடுகளுக்கு இவையே போதும். விதியை எழுதும்போது நாய் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். "எகிறக் கூடாது" என்று எழுதினால், எகிறாமல் என்ன செய்தால் தாத்தா பாராட்ட வேண்டும் என்று தாத்தாவுக்கே தெரியாது.

மிச்சம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறலாம். சோபா, கட்டில், கயிறு இழுக்கும் விளையாட்டு, குளித்த பிறகு யார் துடைப்பது, எந்த வழியில் நடைப்பயிற்சி. இதிலெல்லாம் சண்டை போட்டுச் சக்தியை வீணாக்காதீர்கள். மகளின் கட்டிலில் நாய் படுப்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் அது அம்மாவும் மகளும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம், நாயின் ஒழுக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது?

"நீங்கதான் நாயைக் கெடுத்து வெச்சிருக்கீங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்ன நிமிடத்தில் காரியம் கெட்டது. மறுநாளிலிருந்து தாத்தா மறைத்துக் கொடுப்பார். மறைத்துக் கொடுப்பது பகிரங்கமாகக் கொடுப்பதைவிட மோசம். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் நாய் எந்நேரமும் அவர் காலடியிலேயே கிடக்கும்.

மருமகள் மாமனாரிடம் சொல்வதைவிட மகனோ பேரனோ சொல்வது எடுபடும். அதைவிட எடுபடுவது கால்நடை மருத்துவர் சொல்வது. அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாயின் எடையை அவர் கண்ணெதிரே பார்க்கச் சொல்லுங்கள், தினம் என்ன கொடுக்கலாம் என்று அவரையே கேட்க விடுங்கள்.

அவருக்கு நாயிடம் வேண்டியது என்ன என்று யோசித்துப் பாருங்கள். தன்னைத் தேடி வர வேண்டும், தன் கையால் சாப்பிட வேண்டும். இதை எடுத்துவிட்டால் அவர் ஒப்ப மாட்டார், ஒப்பவும் வேண்டியதில்லை. கொடுக்கும் உரிமையை அவரிடமே விட்டுவிட்டு, கொடுக்கும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். ஒரு சின்ன டப்பாவில் அன்றைய பங்கைப் போட்டு அவர் பொறுப்பில் கொடுத்துவிடுங்கள். வேகவைத்த கோழித் துண்டு, முட்டை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கேரட் எதுவாகவும் இருக்கலாம், உப்பு காரம் இல்லாமல் பட்டாணி அளவுக்கு நறுக்கியது. நாளொன்றுக்கு நாய் சாப்பிடும் மொத்த அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமலும், அந்த அளவை அதன் சாப்பாட்டில் குறைத்தும் வைத்தால் போதும். "டப்பாவில் இருக்கிறதெல்லாம் உங்க இஷ்டம் தாத்தா, ஆனா அது தன் இடத்துல படுத்திருக்கும்போது மட்டும் குடுங்க." இந்த ஒரு வாக்கியம் பல வீட்டுச் சண்டையை முடித்திருக்கிறது.

வார்த்தைகளை ஒழுங்குபடுத்துங்கள்

ஒரு செயலுக்கு ஒரு சொல். தமிழா ஆங்கிலமா என்பது நாய்க்கு ஒன்றுதான். அப்பா சோபாவிலிருந்து இறங்கச் சொல்லி "டவுன்" என்கிறார், அண்ணன் படுக்கச் சொல்லி அதே "டவுன்" என்கிறான், பாட்டி இரண்டுக்கும் "சூ" என்கிறார். இதை முதலில் சரிசெய்யுங்கள். பாட்டி வாயில் எது சுலபமாக வருமோ அதையே எல்லோரும் எடுத்துக்கொள்வது நல்லது. "உட்காரு", "வா", "விடு", "இறங்கு", "இடம்" என்று ஐந்து போதும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. படுத்தது போதும், எழுந்து போகலாம் என்று விடுவிக்க ஒரு சொல் வேண்டும். அதற்கு "சரி", "ஓகே" இரண்டும் ஆகாது. ஃபோனில் பேசும்போது நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்போம், நாய் ஒவ்வொரு முறையும் எழுந்துவிடும். "ஓடு" என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து, நாயின் பெயரைத் திட்டுவதற்குப் பயன்படுத்தாதீர்கள். "ஜிம்மீ!" என்ற அதட்டலைக் கேட்டுப் பழகிய நாய், பிறகு ரோட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரத் தயங்கும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கைச்சைகையையும் சேர்த்துவிடுங்கள். நாய்கள் நம் வாயைவிட உடம்பைத்தான் அதிகம் கவனிக்கின்றன. குரல் தணிந்த பாட்டியும் கீச்சென்று பேசும் ஐந்து வயதுப் பிள்ளையும் சொல்வதில் வித்தியாசம் இருந்தாலும், உள்ளங்கையைத் தரையை நோக்கி இறக்குவதில் பெரிய வித்தியாசம் வராது.

மனிதர்களை நம்பாமல் வீட்டை மாற்றுங்கள்

ஒரு விதியை ஞாபகம் வைத்துக் காப்பாற்ற வேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிட்டால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. செருப்பு கதவுள்ள அலமாரிக்குள் போகட்டும். குப்பைக்கூடைக்கு மூடி. சமையலறை வாசலுக்குக் குழந்தைகள் தடுப்புக் கதவு. சோபா வேண்டாம் என்று முடிவெடுத்தால், ஆளில்லாத நேரத்தில் அதன் மேல் ஒரு நாற்காலியைக் கவிழ்த்து வையுங்கள். வாசல் பக்கம் ஒரு கொக்கியில் கயிறு தொங்கட்டும். கூரியர்காரர் மணியடித்தால் முதலில் கயிறு, பிறகுதான் கதவு. கேட்டுக்கும் வீட்டுக் கதவுக்கும் இடையில் இன்னொரு தடுப்பு இருந்தால், யாராவது ஒருவர் மறந்தாலும் நாய் லாரிக்கு முன்னால் ஓடாது.

விருந்தாளி வரும் ஒரு மணி நேரம் நாயைத் தனி அறையில் விட்டால் பயிற்சி தோற்றுப்போனதாக நினைக்க வேண்டாம். தவறான பழக்கம் ஒரு முறை குறைவாகப் பலன் பெற்றது என்பதே லாபம்.

பயிற்சி: 'இடம்'

மூன்று விதிகளில் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். இது வந்துவிட்டால் மேஜைக்கெஞ்சல், எகிறல், வாசல் ஓட்டம் மூன்றும் பாதி அடங்கிவிடும்.

முதல் வாரம் வீட்டில் ஒரே ஒருவர்தான் பழக்க வேண்டும். பொறுமையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் பழக்கமும் உள்ளவர் யாரோ அவர். பன்னிரண்டு வயதுப் பெண்ணாகவும் இருக்கலாம். நாளுக்கு இரண்டு தடவை, ஒரு தடவைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், நாய் பசியோடு இருக்கும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழுக்காத சாக்கோ மடித்த பழைய பெட்ஷீட்டோ ஒன்றை எடுத்து, மேஜையிலிருந்து ஆறேழு அடி தள்ளிப் போடுங்கள். நாய் அதை முகர்ந்து பார்க்க வந்தாலே ஒரு துண்டை அதன் மேல் போடுங்கள். கையில் கொடுக்காதீர்கள், விரிப்பின் மேல் விழ வேண்டும். சாப்பாடு முளைக்கும் இடம் அதுதான் என்று நாய் முடிவுக்கு வர வேண்டும். நாலு காலும் ஏறினால் இன்னொன்று. உட்கார்ந்தால் இரண்டு. தானாகப் படுத்தால் அடுத்தடுத்து நாலைந்து துண்டு, பிறகு "ஓடு" என்று சொல்லி எழுப்பிவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் விரிப்பை எடுக்கும்போதே அதன் மேல் ஏற நிற்கும். அப்போதுதான் "இடம்" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். நாய் போக ஆரம்பிக்கும் கணத்துக்கு முன்னால் ஒரே ஒரு முறை சொல்லுங்கள். "இடம் இடம் இடம் போ போ" என்று அடுக்கினால் நாலாவது முறைதான் போக வேண்டும் என்று கற்றுக்கொள்ளும்.

பிறகு நேரத்தை நீட்டுங்கள். ஐந்து நொடி, பத்து நொடி, திரும்ப மூன்று நொடி, இருபது நொடி. எப்போதும் கூடிக்கொண்டே போனால் நாய் சோர்ந்து எழுந்துவிடும், நடுவில் சுலபமான முறைகளும் வர வேண்டும். அரை நிமிடம் படுத்தால் நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள். காலித் தட்டை முன்னால் வையுங்கள். கரண்டியைத் தட்டுங்கள். இட்லி சாப்பிடுங்கள். எழுந்து வந்தால் திட்டு வேண்டாம். ஒன்றும் பேசாமல் திரும்ப விரிப்புக்குக் கூட்டிப் போய், இந்த முறை நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். இரண்டு முறை தொடர்ந்து எழுந்தால் நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்த வாரம் கைமாற்றம். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் "இடம்" சொல்ல ஆரம்பித்தால் ஒரு வார உழைப்பு போய்விடும். ஒருவர் ஒருவராக வர வேண்டும். பழக்கியவர் பக்கத்தில் நிற்க, புதியவர் சொல்ல வேண்டும், புதியவர் கையாலேயே துண்டும் விழ வேண்டும். ஒருவரிடம் கற்றதை இன்னொருவரிடம் நாய் தானாகச் செய்யாது. ஒவ்வொரு ஆளுக்கும் மறுபடி சுலபமான நிலையிலிருந்து தொடங்க வேண்டும், ஆனால் இந்த முறை வேகமாக ஏறும். டப்பாவுக்குச் சொந்தக்காரரான தாத்தாவை இரண்டாவது ஆளாகக் கொண்டுவாருங்கள். அவர் எழுந்து நடந்து போய் விரிப்பின் மேல் போடும் ஒவ்வொரு துண்டும் மேஜைக்கு அடியில் போகும் கைக்கு எதிராக வேலை செய்யும். அவருக்கு முழங்கால் வலி என்றால் விரிப்பை அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே போடுங்கள். வீட்டு விதி அதனால் ஒன்றும் கெட்டுவிடாது.

வாசலில் எகிறும் நாய்

இதற்கு நேரம்தான் முக்கியம். எகிறிய பிறகு செய்வதற்கு அதிகம் ஒன்றும் இல்லை, எகிறுவதற்கு முன்பு நிறைய இருக்கிறது. வாசலுக்கு வெளியே எட்டாத உயரத்தில் ஒரு சின்ன டப்பா மாட்டிவையுங்கள். உள்ளே வருபவர் கதவைத் திறந்ததும் நாலைந்து துண்டைத் தரையில் சிதறவிட வேண்டும். நாய் முகர்ந்து பொறுக்கும் அந்தப் பத்து நொடியில் பரபரப்பு இறங்கிவிடும். பிறகு குனிந்து, நெஞ்சுக்கு அடியில் தடவிக் கொடுங்கள். தலைக்கு மேல் கையை நீட்டினால் நாய் மறுபடி மேலே வரும்.

பையனுக்கு எகிறும் விளையாட்டு வேண்டும் என்றால் அதை எடுத்துவிட வேண்டாம். அவன் தோளைத் தட்டி "மேலே" என்று சொன்னால் மட்டும், மொட்டைமாடியில் மட்டும் என்று தனியாகச் சொல்லிக்கொடுக்கலாம். சொல்லும் இடமும் தெளிவாக இருந்தால் பாட்டி தப்பித்துக்கொள்வார். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: நாய் எகிறினாலோ துரத்தினாலோ கத்தவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நில்.

முதலில் மோசமாகும், எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள்

இத்தனை நாள் பலன் கொடுத்த கெஞ்சலுக்குத் திடீரென்று பலன் நின்றால், நாய் உடனே விட்டுவிடாது. இன்னும் பலமாகக் கெஞ்சும். முனகும், காலால் தட்டும், அதுவரை குரைக்காத நாய்கூடக் குரைக்கும். பயிற்சி வேலை செய்ய ஆரம்பித்ததற்கு இதுவே அறிகுறி. ஆனால் பெரும்பாலான வீடுகளில் இந்த இடத்தில்தான் "பாவம், அது ஏங்கிப் போயிடுச்சு" என்று ஒரு கை நீளும். அந்த ஒரு முறை, பத்து நிமிடம் விடாமல் குரைத்தால் கிடைக்கும் என்று சொல்லிக்கொடுத்துவிடும். பழைய கெஞ்சலைவிடப் பலமான ஒன்றுக்கு நாம் கூலி கொடுத்திருக்கிறோம்.

அதனால் வீட்டில் எல்லோரிடமும் ஒன்று சொல்லி வையுங்கள். கொடுக்காமல் இருக்க முடியாது என்று உங்களுக்கே தெரிந்தால், நாய் வந்து நின்ற முதல் நொடியிலேயே "இடம்" என்று சொல்லி, அங்கே போனதும் கொடுத்துவிடுங்கள். தாங்க முடியாமல் பத்தாவது நிமிடத்தில் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

மாறவே மாட்டேன் என்பவர் இருந்தால்?

மென்மையாக இருப்பவர் மாறவில்லை என்றால் அவர் சலுகைக்கு ஓர் அடையாளம் கொடுங்கள். சோபாவில் நீலப் போர்வை விரித்திருந்தால் ஏறலாம், இல்லாவிட்டால் கிடையாது. மகள் விரிப்பாள், போகும்போது மடித்து வைப்பாள். அம்மா கண்ணுக்கு அது நீலப் போர்வை, நாய்க்கு அது வட்டமும் நீள்வட்டமும் போல. போர்வை இல்லாமல் ஏறினால் யாராக இருந்தாலும் "இறங்கு", இறங்கியதும் ஒரு துண்டு.

அடிப்பவர் மாறவில்லை என்றால் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஒருவர் அடிப்பதும் இன்னொருவர் கொஞ்சுவதும் சமன் ஆகாது. அடிவாங்கும் நாய் முதலில் உறுமலை நிறுத்தும். வீட்டில் திருந்திவிட்டது என்பார்கள். உறுமல் நாய் கொடுக்கும் எச்சரிக்கை, அதை அடித்து நிறுத்தினால் எச்சரிக்கை இல்லாமல் கடிக்கக் கூடும். கடிபடுவது அடித்தவராக இல்லாமல், அவருக்குப் பயந்து நாய் ஒதுங்கிய மூலையில் அதைக் கட்டிப்பிடிக்கப் போன குழந்தையாகவும் இருக்கலாம். கடிபட்டால், தடுப்பூசி போட்ட வீட்டு நாயே ஆனாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

"நாமதான் அதுக்குத் தலைவன்னு காட்டணும்" என்ற வாதம் வந்தால் அதன் வரலாற்றைச் சொல்லுங்கள். ருடால்ஃப் ஷென்கல் 1947இல் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து வளர்ந்த கருத்து அது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டு ஓநாய்களை நேரில் கவனித்த பிறகு, ஓநாய்க் கூட்டம் என்பது தாய் தகப்பனும் குட்டிகளும் சேர்ந்த குடும்பம் என்று 1999இல் எழுதி, அந்தக் கருத்தைக் கைவிட்டார். விலங்கு நடத்தையியலுக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், எல்லா நாய்களுக்கும் வெகுமதி வழிப் பயிற்சியையே பரிந்துரைத்திருக்கிறது.

எவ்வளவு நாள் பிடிக்கும்?

குட்டி என்றால் சீக்கிரம் வரும். மூன்று நாலு வருடம் மேஜையடியில் பலன் பார்த்த நாய்க்கு மாதக்கணக்கில் ஆகலாம். வாரம் ஒரு முறை சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் எல்லோரும் உட்கார்ந்து நோட்டைப் புரட்டுங்கள். எது கூடியது, எது குறைந்தது என்று மட்டும் பேசுங்கள், யாரால் என்று வேண்டாம். ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

திடீரென்று வீட்டுக்குள் சிறுநீர் கழித்தாலோ, தொட்டால் சீறினாலோ, சாப்பாட்டுத் தட்டருகே யாரையும் விடாவிட்டாலோ வீட்டுப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். காதுச் சீழும் மூட்டுவலியும் பல நேரம் 'பிடிவாதம்' என்ற பெயரில் திட்டு வாங்குகின்றன.

பண்டிகைக்கோ கல்யாணத்துக்கோ ஊரிலிருந்து பத்து நாள் சொந்தக்காரர்கள் வந்து தங்கினால், அவர்களுக்கு மூன்று விதியையும் பாடம் எடுக்க வேண்டாம். வாசலில் வரவேற்கும்போதே இரண்டே விஷயம் சொல்லுங்கள்: கேட்டைச் சாத்திவிடுங்கள், நாய்க்குக் கொடுக்க ஆசைப்பட்டால் தாத்தாவிடம் டப்பாவைக் கேளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் நாயை உள் அறையில் அதன் விரிப்போடு விட்டு, மெல்லுவதற்கு ஏதாவது கொடுத்துக் கதவைச் சாத்துங்கள். அவர்கள் ஊருக்குக் கிளம்பிய மறுநாள் நாய் மேஜையடியில் வந்து நிற்கத்தான் செய்யும். பழக்கியவர் மட்டும் இரண்டு நாள் முதல் வாரப் பயிற்சியைத் திரும்பச் செய்யட்டும், மூன்றாம் நாள் டப்பா தாத்தா கைக்குப் போகட்டும்.